பெயரில் மட்டும் டிரஸ்ட்

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “அண்ணா, பாப்பா பேர்ல இவங்ககிட்ட பணம் போட்டு வைக்கலாமா?” என்று கேட்டான். கல்தூண் வைத்த கட்டடப் படம். கம்பெனிப் பெயரின் கடைசிச் சொல் ‘டிரஸ்ட்’. அடியில், விரலால் பெரிதாக்கினால் மட்டும் தெரியும் ஒரு வரி: நாங்கள் வங்கியும் அல்ல, உரிமம் பெற்ற டிரஸ்ட் கம்பெனியும் அல்ல. முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம்.

நமக்கு டிரஸ்ட் என்றால் அறக்கட்டளை. அங்கே டிரஸ்ட் கம்பெனி என்பது தனித் தொழில். இறந்தவரின் சொத்தை அவர் எழுதிவைத்தபடி நிர்வகிப்பது, பிள்ளைக்கு வயது வரும்வரை பணத்தைக் காப்பது. கம்பெனியே நொடித்தாலும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் இந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. யாருக்காக இதெல்லாம் நடக்கிறதோ, அவர் பெரும்பாலும் கணக்குக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் பல மாநிலங்களில் உரிமம் இல்லாத கம்பெனி ‘டிரஸ்ட்’ என்ற சொல்லைப் பெயரில் போட்டு மக்களைக் குழப்பத் தடை இருக்கிறது.

“ஒரு சாதாரணச் சொல்லை அரசாங்கம் பூட்டி வைக்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டலாம் என்பேன். ஆனால் பூட்டுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். 1907இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் முறையாக அனுமதி பெற்ற, பெரிய நிறுவனம். அந்தக் காலத்து டிரஸ்ட் கம்பெனிகள் வங்கி மாதிரியே டெபாசிட் வாங்கின. கையில் ரொக்கமாக வைக்கச் சட்டம் கேட்டது டெபாசிட்டில் 5 சதவீதம்தான். அதே ஊரில் மத்திய அரசின் உரிமம் பெற்ற ‘தேசிய வங்கி’களுக்கோ 25 சதவீத இருப்பு கட்டாயம். அக்டோபர் 22 அன்று மக்கள் வரிசையில் நின்றார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 80 லட்சம் டாலர் போனது, கதவைச் சாத்திவிட்டார்கள். பெயரைக் காப்பாற்றும் சட்டம் மூலதனத்தையும் தணிக்கையையும் சேர்த்துக் கேட்காவிட்டால் இதுதான் கதி.

இப்போதைய ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். பெயரில் கவனமாக இருந்துவிட்டு விளம்பரத்தில் விளையாடுவார்கள். வாயேஜர் என்ற கிரிப்டோ கம்பெனி, தன்னிடம் போடும் பணத்துக்கு அரசு டெபாசிட் காப்பீடு இருப்பதுபோலச் சொல்லிவந்தது. நிறுத்தச் சொல்லி அமெரிக்க மத்திய வங்கியும் காப்பீட்டு அமைப்பும் கடிதம் அனுப்பியது 2022 ஜூலை 28. கம்பெனி திவால் மனு போட்டு மூன்று வாரம் தாண்டியிருந்தது.

அதனால் என் கட்சி இதுதான்: மேலே கல்தூண் காட்டிவிட்டு அடியில் பொடி எழுத்தில் ‘நாங்கள் அது இல்லை’ என்று எழுதினால், அந்த வரியை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தே செய்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

தம்பியிடம் மாநில வங்கித் துறையின் உரிமப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். பெயர் இல்லை. கம்பெனிக்கே எழுதிக் கேட்டிருக்கிறான். பதில் வந்தது: “டிரஸ்ட் என்பது எங்கள் பிராண்டின் உணர்வு.”