பிரஷ் பேக் லிங்க் கேட்கும் அன்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது போன்ற டிஜிட்டல் படம் ஒன்றை யாராவது போட்டுவிட்டால் போதும், கீழே வரிசையாக ஒரே கேள்வி: "எந்த சாஃப்ட்வேர்ண்ணே? பிரஷ் பேக் லிங்க் குடுங்க." பிரஷ் பேக் என்றால் சாஃப்ட்வேரில் தீட்டும் தூரிகைகளின் தொகுப்பு. கன்னத்து நிழலில் அந்தப் பச்சை ஏன் இருக்கிறது என்று ஒரு ஆள் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் பிரஷ் இறக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அதே ஓரம் மங்கலான சாஃப்ட் ஏர்பிரஷ்ஷால் முகம் முழுக்க பவுடர் அப்பியது போல ஒரு படம். ஏன் இப்படி என்றால், "கிரிட்டா சரியில்ல, புரோகிரியேட் வாங்கணும்." இரண்டும் படம் தீட்டும் சாஃப்ட்வேர்கள். கையில் ஐபேடே கிடையாது, பேச்சு மட்டும் புரோகிரியேட்!

சாஃப்ட்வேரை முடிவு செய்ய அரை நிமிடம் போதும். புரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான் ஓடும். கணினியும் பேனா டேப்லட்டும் இருக்கிறதா, காசு செலவழிக்க மனமில்லையா, கிரிட்டா. காமிக்ஸும் போடுவீர்களா, கிளிப் ஸ்டுடியோ. கணினிக்கு ஒரே தடவை காசு கட்டி வாங்கலாம், ஐபேடில் சந்தா. ஃபோட்டோஷாப் ஏற்கெனவே இருந்தால் அதில் 2010லிருந்தே மிக்ஸர் பிரஷ் (கேன்வாஸில் உள்ள நிறத்தோடு கலந்து தீட்டும் பிரஷ்) இருக்கிறது, பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. முடிந்தது. இதற்கு மேல் நடக்கிற சண்டையெல்லாம் வெட்டி.

இப்போது உண்மையான கோளாறுக்கு வருவோம். முதல் குற்றவாளி, பேனா அழுத்தத்துக்கு ஏற்ப ஓப்பாசிட்டி (நிறம் கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) மாறும் பிரஷ். லேசாக வைத்தால் பாதி நிறம், அதன் மேல் இன்னொரு பாதி நிறம், அதன் மேல் இன்னொன்று. எந்த இடத்திலும் ஒரு முடிவான நிறம் விழாது, விளிம்பும் விழாது. கிரிட்டாவில் எஃப்5 தட்டினால் பிரஷ் எடிட்டர் வரும். அதில் ஓப்பாசிட்டிக்குள் இருக்கும் பேனா அழுத்தத்தை அணைத்துவிடுங்கள். ஓரம் கறாராக உள்ள ஒரே பிரஷ், ஓப்பாசிட்டி முழுசாக 100. நடுவில் ஒரு நிறம் வேண்டுமென்றால் அதைக் கலந்து எடுத்து வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே படம் ஆள் மாறிப் போகும்.

அடுத்த புலம்பல்: "மிக்ஸர் பிரஷ் கலக்கவே மாட்டேங்குது." எப்படிக் கலக்கும் ஐயா? தோல் ஒரு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது), நிழல் ஒரு லேயர், வெளிச்சம் ஒரு லேயர் என்று பிரித்து வைத்துவிட்டு, காலி லேயரில் பிரஷ்ஷை இழுத்தால் அது எதோடு கலக்கும்? ஃபோட்டோஷாப்பில் 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' (எல்லா லேயர்களின் நிறத்தையும் எடு) டிக் போட வேண்டும். 'வெட்' (ஈரம்) 0 என்று இருந்தால் கீழே உள்ள நிறத்தைத் தொடவே தொடாது. கிரிட்டாவின் கலர் ஸ்மட்ஜ் என்ற கலக்கும் பிரஷ்ஷில் 'கலர் ரேட்' 0 என்றால் புது நிறம் சொட்டுகூட விழாது, இருப்பதை இழுக்கும், அவ்வளவுதான். எளிய வழி, லேயர்களை ஒன்றாக்கிவிட்டு ஒரே லேயரில் தீட்டுவது. பயமாக இருந்தால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் சேறாகிறது என்ற அழுகைக்கும் காரணம் உண்டு. நிஜ வண்ணத்தில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். அதில் 255, 255, 0 மஞ்சளையும் 0, 0, 255 நீலத்தையும் சரிபாதியாகக் கலந்தால் 128, 128, 128. சுத்தமான சாம்பல்! நிறமிக் கலவை மாதிரியே கணக்குப் போடும் வசதி ரெபெல் புரோ என்ற சாஃப்ட்வேரில் 2021இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. மற்றவற்றில் நடுவில் வர வேண்டிய பச்சையை நீங்களே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் உரசும் இடத்தில் கறுத்த பட்டை விழுவதும் இதே குடும்பத்துத் தொல்லைதான். திரைக்கான வழக்கமான எஸ்ஆர்ஜிபி எண்களை அப்படியே கலக்கும் கணக்கில் நடு நிறம் 128, 128, 0 என்று இருண்டுவிடும். லீனியர் கணக்கில், அதாவது உண்மையான ஒளி அளவை வைத்துச் செய்தால் 188, 188, 0 வரும். ஃபோட்டோஷாப் கலர் செட்டிங்ஸில் காமா 1.00 (அதாவது லீனியர்) வைத்துக் கலக்கும் தேர்வு இருக்கிறது. கிரிட்டாவில் லீனியர் புரொஃபைலோடு 16 பிட் ஃப்ளோட் கோப்பு திறக்கலாம். இது எதையும் எந்த பிரஷ் பேக்கும் சரி செய்து தராது.

வெளிச்ச அளவைச் சோதிக்கிறேன் என்று 'டீசாச்சுரேட்' (நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கும் கட்டளை) அடிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். ஃபோட்டோஷாப்பில் அதை அடித்தால் பளீர் மஞ்சளும் கடும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். கண்ணுக்கு அவை ஒன்றா? மேலே ஒரு கறுப்பு லேயர் போட்டு, பிளென்டிங்கை (கீழ் லேயரோடு சேரும் விதத்தை) 'கலர்' என்று மாற்றுங்கள். மஞ்சள் வெளுப்பாகவும் நீலம் இருட்டாகவும் ஒழுங்காகத் தெரியும்.

எல்லாம் சொன்ன பிறகும் 400 சதவீதம் ஜூம் செய்து 6 பிக்சல் பிரஷ்ஷால் இமை முடி வரைகிறவரை என்ன சொல்ல! 2480க்கு 3508 பிக்சல் கேன்வாஸ் (ஏ4, அங்குலத்துக்கு 300 பிக்சல்) போட்டுக்கொண்டு, முழுப் படமும் திரையில் தெரியும்படி வைத்து, 200 பிக்சலுக்குக் குறையாத பிரஷ்ஷில் பெரிய வடிவங்களை முடியுங்கள். தலைமுடியும் இருட்டுப் பின்னணியும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் அங்கே விளிம்பே வேண்டாம், கரைத்துவிடுங்கள். கூரான விளிம்பைக் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் மிச்சம் வையுங்கள். கண்ட நிறமெல்லாம் எடுப்பதற்குப் பதில், ஓவியர் சோர்ன் பெயரில் சோர்ன் பலகை என்கிறார்களே, மஞ்சள் காவி, வெர்மிலியன், கறுப்பு, வெள்ளை, அந்த நான்கை மட்டும் வைத்து ஒரு முகம் தீட்டிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும்.

கடைசியில் கேன்வாஸ் துணி டெக்ஸ்சரை (துணி இழையின் சொரசொரப்புப் படத்தை) 20 சதவீத ஓப்பாசிட்டியில் மேலே விரித்துவிட்டு "ஆயில் பெயின்டிங் எஃபெக்ட்" என்று போடுகிறவர்களே, எண்ணெய் ஓவியர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தில் வண்ணத்தைத் தடிமனாகவும் நிழலில் மெலிசாகவும் வைப்பார்கள். உங்கள் துணி, கண் முழியின் மேலும் அதே அளவு சொரசொரப்பாக நிற்கிறது. அந்த லேயரை முதலில் அழியுங்கள்.