கேமராவை விற்பதற்கு முன் ஒரு மார்கழி பொறு

போன வாரம் அக்கா போன் செய்தாள். "டேய், இவன் கேமராவை வித்துட்டு வேற வாங்கணுமாம். ஒன்றரை லட்சம் கேக்கறான். இந்தப் பைத்தியத்தை அவனுக்குப் புடிச்சு விட்டவன் நீதான், நீயே பேசு." அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் கேனான் 1500டி, கூடவே வந்த இரண்டு லென்ஸ். கல்லூரி இசைக்குழு, கோயில் திருவிழா மெல்லிசை, மார்கழியில் மயிலாப்பூர் சபாக்கள் என்று எங்கே மேடை போட்டாலும் போய் நிற்கிறவன். படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது, கை கொஞ்சம் அசைந்தால் கலங்கிவிடுகிறது, கேமரா சரியில்லை என்பது அவன் கட்சி.

அவனிடம் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்பாக்ஸில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அரங்க வெளிச்சத்தில் கச்சேரி எடுக்கிறவர்கள் கடைசியாக மாற்ற வேண்டியது பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். யூடியூபில் பெட்டி பிரிக்கிறவரும் சொல்ல மாட்டார்.

நானும் 1500டி-யில்தான் ஆரம்பித்தேன். அந்தக் காலத்துப் படம் ஒன்று பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது, அழிக்க மனசு வரவில்லை. ஒன்பதாவது வரிசையிலிருந்து 55-250மிமீ ஜூம் லென்ஸில் எடுத்தது. பாடகி தோடி ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தில் நிற்கிறார், வலது கை காதுக்கு மேலே எழும்பியிருக்கிறது. முகம் ஏதோ தேறும். கை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு புகை. கருநீலப் பட்டுப்புடவை முழுக்க சிவப்பும் பச்சையுமாக மணலை அள்ளி இறைத்த மாதிரி புள்ளிகள். லென்ஸின் திறப்பு எஃப்/5.6 (எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்), ஷட்டர் 1/60 நொடி, ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 6400 (கூட்டக் கூட்டப் புள்ளிகளும் கூடும்). அந்த லென்ஸ் அந்த நீளத்தில் 5.6-க்கு மேல் திறக்காது. 1500டி-யில் ஐஎஸ்ஓ 6400தான் உச்சம். (12800 என்று ஒன்றை மெனுவில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது ஒளிந்தே இருக்கட்டும்.)

இதே இடத்தில் எஃப்/2-க்குத் திறக்கும் லென்ஸ் இருந்திருந்தால்? 5.6-லிருந்து 4, 2.8, 2 என்று மூன்று ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு, ஆக எட்டு மடங்கு வெளிச்சம். இரண்டு ஸ்டாப்பை ஐஎஸ்ஓ-வுக்குக் கொடுத்தால் 6400 இறங்கி 1600 ஆகும். மிச்சம் ஒன்றை ஷட்டருக்குக் கொடுத்தால் 1/60 ஏறி 1/125 ஆகும். அதே கேமரா, அதே மேடை, வேறு படம்.

சரி, பெரிய சென்சார் (படத்தைப் பதிக்கும் சில்லு) உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடியின் கணக்கையும் பார்ப்போம். அதன் சென்சார் பரப்பு 1500டி-யைப் போல் சுமார் 2.6 மடங்கு. ஸ்டாப்பில் சொன்னால் ஒன்றேகாலுக்கு மேல், ஒன்றரைக்குள். சென்சார் புதிது என்பதால் நிழல் பகுதிகள் இன்னும் சுத்தமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அதில் போய் 5.6-க்கு மேல் திறக்காத ஃபுல் ஃப்ரேம் லென்ஸையே மாட்டினால் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியது ஒன்றரை ஸ்டாப்புக்கும் குறைவு. 50மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் பத்தாயிரத்தை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது, மூன்று ஸ்டாப்புக்கு மேல் தருகிறது. அக்காவுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. பையனுக்குத்தான் இரண்டு நாள் ஆனது.

50மிமீ லென்ஸ் போதுமா, 85மிமீ வேண்டுமா என்பது எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1500டி-யில் 50மிமீ மாட்டிப் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் நாலரை மீட்டர் அகலம் படத்தில் விழும். பாடகர், வயலின், மிருதங்கம், கடம், பின்னால் தம்புரா, அதற்கும் பின்னால் ஸ்பான்சர் பெயர் போட்ட பேனர் எல்லாம் வந்துவிடும். பேனரில் இருக்கிற நகைக்கடை பெயர்தான் படத்திலேயே பளிச்சென்று இருக்கும். அதே இடத்தில் 85 மாட்டினால் அகலம் இரண்டரை மீட்டர் சொச்சம். ஒரு ஆள், ஒரு வாத்தியம். ஐந்து மீட்டருக்குள் போக முடிந்தால் 50-லேயே இது கிடைத்துவிடும்.

போக முடியும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளைஞர்கள் பாடுவார்கள், முன்வரிசை பாதி காலியாக இருக்கும். மாலை ஆறு மணிக் கச்சேரிக்குக் காசு கொடுத்து, பின்வரிசையில் உட்கார்ந்து, ஆளுயர லென்ஸுக்கு ஆசைப்படுவதற்கு, மதியம் ஒன்றரைக்குப் போய் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காரலாம். பாடுகிறவர்களுக்கும் நல்ல படம் தேவைப்படும் வயது. முன்கூட்டியே சபாக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் எடுக்கவே விடாத இடங்கள் உண்டு. ஃப்ளாஷ் பேச்சே எங்கேயும் கிடையாது.

அடுத்தது கச்சேரியைக் கேட்பது. கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு ஸ்டாப் இலவசம். பாடுகிறவர் கை எப்போதும் அசைந்துகொண்டே இருப்பதில்லை. சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) முடிந்து சுரத்தில் நிற்கும்போது கையும் அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். வயலின் வில் ஒரு கோடியிலிருந்து திரும்பும் இடத்தில் நிற்கும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கடத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பவர்கள் உண்டு. மேலே போன கடம் கீழே இறங்குவதற்கு முன் ஒரு நொடித்துளி அசையாமல் இருக்கும். அங்கே 1/125-ஏ தாராளம். மிருதங்க விரல்களை உறைய வைக்க 1/500 வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படி எடுத்த படங்கள் பிடிப்பதில்லை. விரல் தோலின் மேல் சும்மா வைத்திருப்பது போல் இருக்கும், சத்தமே கேட்காது. முகம் கூர்மையாக, விரல்கள் கொஞ்சம் கலங்கி இருந்தால்தான் அது வாசிப்பு.

இனி மைக். கர்நாடக மேடையில் எனக்குப் பெரிய எதிரி இருட்டு இல்லை, மைக்தான். 85மிமீ லென்ஸை எஃப்/1.8-ல் திறந்து ஐந்து மீட்டரில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் கிட்டத்தட்ட ஒரு சாண். மைக் வாய்க்கு முன்னால் அரைச் சாணுக்கு மேல் தள்ளி நிற்கிறது. ஃபோகஸ் மைக்கில் போய் உட்கார்ந்தால் மைக்கின் வலைக் கண்ணி ஒவ்வொன்றாக எண்ணலாம், முகம் மட்டும் வெண்ணெய். 1500டி-யில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கத் தெரிந்தது நடுப்புள்ளி ஒன்றுதான். இருட்டில் மற்ற எட்டையும் மறந்துவிடுங்கள். நடுப்புள்ளியைக் கண் மேல் வைத்து எடுத்து, வீட்டுக்கு வந்து வெட்டிக்கொள்ளலாம். 2.2, 2.5 என்று கொஞ்சம் மூடினால் இன்னும் நிம்மதி. மிருதங்கக்காரர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் மைக் முகத்தை விட்டு விலகும்.

மெல்லிசை மேடை வேறு கதை. அங்கே எல்இடி விளக்குகள் ஊதாவும் சிவப்புமாக மாறி மாறி அடிக்கும். திரையில் பார்த்தால் வெளிச்சம் சரியாகத் தெரியும், முகத்தில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து மூக்கும் கன்னமும் ஒரே பூச்சாகிவிடும். வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்த்து ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். அல்லது வெள்ளை விளக்கு வரும்வரை கேமராவை மடியில் வைத்துப் பாட்டைக் கேளுங்கள். கல்யாண மண்டபங்களில் இன்னொரு தொல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் துடிக்கும். 1/500-ல் வரிசையாகப் பத்து படம் எடுத்தால் பத்தும் பத்து நிறம். 1/100-க்கு இறங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வேண்டாம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023-ல் லைட்ரூம் மென்பொருளில் வந்த, புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் வசதி ரா ஃபைலில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. பழைய 6400 படங்களையும் காப்பாற்றுகிறது. தோடிப் படத்தின் புடவையைக்கூடக் காப்பாற்றியது. கையைக் காப்பாற்ற முடியவில்லை.

இவ்வளவு பேசுகிற நீ ஏன் பாடியை மாற்றினாய் என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. படத்தில் இருந்த நாய்ஸுக்காக, அதாவது புள்ளிகளுக்காக மாற்றவில்லை, கேமரா போட்ட சத்தத்துக்காக மாற்றினேன். ஒரு மாலை, பாடகர் சுருதியோடு சேர்ந்து குரலை இழைத்து இழைத்து மந்தர ஸ்தாயிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அரங்கில் மின்விசிறி ஓடுவது கேட்கிறது. நான் டக் என்று ஒன்று, டக் என்று இன்னொன்று. 1500டி-யில் கண்ணாடி எகிறி விழும் சத்தம் அந்த அமைதியில் சோடா மூடி திறந்த மாதிரி இருந்தது. முன்சீட்டு மாமி திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "ஏம்ப்பா, அது சத்தம் போடாம எடுக்காதா?" என்றார். அதற்கப்புறம் அன்று நான் தனி ஆவர்த்தனம் வரும்வரை ஒரு படமும் எடுக்கவில்லை. மிருதங்கச் சத்தத்தில்தான் ஒளிந்துகொள்ள முடிந்தது.

2023-ல் வந்த கேனான் ஆர்8-ஐ, கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஃபுல் ஃப்ரேம் கேமராவை, அப்படித்தான் வாங்கினேன். 1500டி 24.1 மெகாபிக்சல், இது 24.2. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்ததில் கூடியது 0.1 என்று வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே இல்லை, கண்ணைத் தேடிப் பிடிக்கிறது, மைக் ஏமாற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய 50-ம் 85-ம் அடாப்டர் போட்டால் அப்படியே வேலை செய்கின்றன. குறையும் உண்டு. சத்தமில்லாத ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிக்கிறது, துடிக்கிற எல்இடிக்குக் கீழே குறுக்கே பட்டை பட்டையாக விழும். அங்கே சத்தம் போடும் ஷட்டருக்கே திரும்ப வேண்டும். பேட்டரியும் சிறியது, மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இன்னொன்று பையில் இல்லாவிட்டால் கடைசியில் பாடும் துக்கடா கிடைக்காது.

வாங்கிய பிறகுதான் உறைத்த ஒன்றும் இருக்கிறது. ஃபுல் ஃப்ரேமில் என் 85 திடீரென்று குட்டையாகிவிட்டது. 1500டி-யில் 136மிமீ போல நெருக்கமாகக் காட்டிய லென்ஸ் இதில் வெறும் 85. அதே சீட்டில் உட்கார்ந்து பழைய அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஒன்பது மெகாபிக்சல் சொச்சம். பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசை வெட்டி எறிந்த ஓரங்களிலேயே விட்டுவிட்டு வருகிறோம். ஒன்றேகால் ஸ்டாப் லாபமெல்லாம் அங்கேயே காலி. அதை ஈடுகட்ட 70-200 எஃப்/2.8 வேண்டும், அது பாடியைவிட விலை. ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் மட்டும் ஒன்றரைக் கிலோ, கேமரா அதில் பாதிகூட இல்லை. இரவு வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டேன். ஆனால் வாடகை நல்ல வழி. எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு கச்சேரிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். 1500டி-யை இப்போது விற்றால் உனக்கு வருகிற காசு ஒரு நல்ல ட்ரைபாடுக்குக்கூடப் போதாது. என் 50-ஐ நீயே வைத்துக்கொள். 85-ஐ ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போ, பொங்கல் வரை உன்னிடம் இருக்கட்டும். முன்மூடியைத் தொலைக்காதே, போன தடவை தொலைத்ததற்கே இன்னும் வாங்கித் தரவில்லை.