அழித்தாலும் இடம் தராத லாக்

தரமணியில் எங்கள் அலுவலக சர்வரில், எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) ஒன்று இருக்கிறது. நிரல்கள் தங்கள் நடப்பைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளில் பழையவற்றைத் தினமும் இரவில் தானாக அழிக்கும். அழிக்கத்தான் செய்கிறது, டிஸ்கில் இடம் மட்டும் வருவதில்லை!

இதில் சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. லினக்ஸில், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டுமே போகும். நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பாது. கண்ணில் படும் கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் 'டியூ' கட்டளை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்னும். டிஸ்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் 'டிஎஃப்' 100 சதவீதம் என்னும். இந்தப் பஞ்சாயத்துக்கு நள்ளிரவில் என்னை எழுப்புவார்கள். "ரீஸ்டார்ட் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்பார் மேலாளர். நிரல் மூடித் திறப்பதால் சரியாகிவிடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு யார் திருத்தப் போகிறார்கள்?

போதாக்குறைக்கு, கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளையில் ஸ்கிரிப்டை எழுதியவர் நாள் கணக்காகப் போட்டு வைத்த '+7', ஏழு அல்ல, எட்டு நாள் முடிந்த கோப்பைத்தான் தொடும்.

லாக்ரொட்டேட் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. பழைய லாக் கோப்பை ஒதுக்கியதும், புதியதைத் திறக்கும்படி நிரலுக்குச் சொல்லவும் அதில் வழி உண்டு. மாற்றலாமே என்றால், "ஓடுகிற ஸ்கிரிப்டில் கை வைக்காதீர்கள்" என்கிறார்கள். ஓடுகிறதாம்!