விழக் கற்ற பிள்ளை
மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1928-இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்ததும் அவருடைய சரிவு தொடங்கியது என்று, அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அவருடைய சிறுவயதை இரண்டே வரியில் முடித்திருக்க வேண்டாம். பெற்றோரின் நகைச்சுவை மேடை நிகழ்ச்சியில் அவரைத் தூக்கி எறிய வசதியாக, பிள்ளையின் உடுப்பில் பெட்டிக் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள்! அடிபடாமல் விழ அங்கேதான் கற்றார். அப்புறம் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில், ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் அடித்தது. கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்திலோ வீட்டின் முன்சுவரே அப்படியே சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்துக்கு நேராக வந்ததால் பிழைத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.