நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாதவரின் கையெழுத்து

போயிங் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், லாப வெறியால் அந்த நிறுவனம் கெட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். லாப வெறி இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் லாபம் பார்க்காத விமான நிறுவனம் எங்கும் கிடையாது. அந்த ஆசை விமானத்தின் உடலுக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தானே, விமானம் பறக்கத் தகுதியானதா என்று சோதித்து ஒப்புதல் தரும் சான்றளிப்பு என்ற ஏற்பாட்டையே வைத்திருக்கிறோம்? ஆகவே அந்த ஏற்பாடு எந்த இடத்தில் உடைந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். "இந்த வேலையை இப்படியே விட முடியாது, நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியவர், சொன்னால் தன் பிழைப்பு என்னவாகும் என்று அஞ்சும் நிலையில் இருந்தார். உடைந்த இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் சென்றபோது, இடப்பக்கச் சுவரில் அவசர வழிக்கென விடப்பட்ட திறப்பை அடைத்திருந்த கதவு பிய்த்துக்கொண்டு போனது. அதை ஒட்டிய இருக்கைகள் அன்று காலியாக இருந்தன. விமானத்தில் இருந்த 177 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த அடைப்புக் கதவின் அமைப்பு எளிமையானது. உள்ளிருக்கும் காற்றழுத்தம் அதை வெளியே தள்ளும்போது, கதவின் விளிம்பில் உள்ள நிறுத்திகள் சட்டத்தில் உள்ள நிறுத்திகளின்மேல் அழுந்தி நின்றுகொள்ளும். கதவு மேல்நோக்கி நகர்ந்தால் மட்டுமே அந்தப் பிடி விடும். அப்படி நகராமல் தடுக்கும் வேலைக்கு இருப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். கீழே விழுந்த கதவைக் கண்டெடுத்து ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நான்கும் கதவு கழன்றுபோவதற்கு முன்பே அங்கே இல்லை என்று கண்டறிந்தது.

அவை எங்கே போயின? 2023 செப்டம்பரில் போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில், அந்தக் கதவின் அருகே விமான உடலில் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகள் சில பழுதாக இருந்தன. உடற்பகுதியைச் செய்து அனுப்பிய ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஊழியர்கள் அவற்றைச் சரிசெய்வதற்காகக் கதவு திறக்கப்பட்டது. திறக்க வேண்டுமென்றால் போல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும். வேலை முடிந்து கதவை மூடியவர்கள் போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. அன்று எடுத்த ஒரு புகைப்படத்தில், கண்ணுக்குத் தெரியும் மூன்று இடங்களிலும் போல்ட் இல்லாததைப் பார்க்கலாம். நான்காவது இடத்தை வெப்பக்காப்பு உறை மறைத்திருக்கிறது. கதவைத் திறந்ததற்கான பதிவே எழுதப்படாததால், மூடிய பிறகு சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்ற வழியில்லாமல் போனது. விமானம் அக்டோபர் இறுதியில் ஒப்படைக்கப்பட்டு, இரண்டு மாதங்களுக்கு மேல் பயணிகளைச் சுமந்து பறந்தது.

யாரோ ஒரு தொழிலாளியின் மறதி என்று இதை ஒதுக்கிவிடுவது அநியாயம். 24 பேர் கொண்ட கதவுக் குழுவில் இத்தகைய அடைப்புக் கதவைத் திறந்து பழக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அவரும் அந்த நாட்களில் விடுப்பில் இருந்தார். கழற்றிய பாகத்தைப் பதிவு செய்யும் முறையில் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் தராத போயிங்கைத்தான் வாரியம் 2025-இல் முதன்மைக் காரணமாகச் சுட்டியது. அதைக் கண்காணிக்கத் தவறிய, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வையும் அது விடவில்லை.

எஃப்.ஏ.ஏ. தன் சான்றளிப்பு வேலையில் பெரும்பகுதியை, தன் பிரதிநிதிகளாகச் செயல்படும் போயிங் ஊழியர்களிடமே ஒப்படைத்திருக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துகிறார் என்று இதைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு விமானத்தின் ஒவ்வொரு கணக்கையும் அரசுப் பொறியாளர்களே சரிபார்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம். பல பத்தாண்டுகளாகவே இந்த ஒப்படைப்பு இருந்துவருகிறது. முன்பு அந்தப் பிரதிநிதிகளை எஃப்.ஏ.ஏ. நேரடியாக நியமித்தது, அவர்களும் நேரடியாக அதற்கே பதில் சொன்னார்கள். 2005-இல் வந்த விதி அந்தப் பொறுப்பை நிறுவனத்தின் கைக்கு மாற்றியது. சம்பளம் தருபவரே ஆளையும் தேர்ந்தெடுக்கலாம் என்றான பிறகு என்ன நடக்கும்? போயிங்கே 2016-இல் இந்தப் பிரதிநிதிகளிடம் எடுத்த உள் ஆய்வில், 39 விழுக்காட்டினர் தங்கள்மீது முறையற்ற அழுத்தம் இருப்பதாக உணர்ந்தார்கள். அதைப் புகாராகச் சொன்னால் விளைவு என்னவாகும் என்று 29 விழுக்காட்டினர் அஞ்சினார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் இது வெளிவந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மிகவும் கலங்கவைத்த எண்கள் இவைதான், ஏனென்றால் அதே காலத்தில்தான் 737 மேக்ஸ் சான்றுக்காகக் காத்திருந்தது.

மேக்ஸின் கதையை எல்லாரும் அறிவோம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏர்பஸ்ஸின் ஏ320 நியோவோடு போட்டியிட, 1967-இல் சான்று பெற்ற 737-இன் உடலிலேயே பெரிய எஞ்சின்களை முன்தள்ளிப் பொருத்தினார்கள். அதனால் மாறிய பறக்கும் தன்மையை ஈடுகட்ட எம்காஸ் என்ற மென்பொருள் வந்தது. காற்றுக்கு எதிரே விமானம் எந்தக் கோணத்தில் செல்கிறது என்று அளக்கும் சென்சார்கள் இரண்டு இருந்தும், அது ஒரே ஒரு சென்சாரின் பேச்சை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியது. ஒருமுறைக்கு 0.6 டிகிரி என்றிருந்த வால் தளத்தின் நகர்வு பிறகு 2.5 டிகிரியாக உயர்த்தப்பட்டது. விமானிகளின் கையேட்டில் அந்த மென்பொருளின் விளக்கமே இல்லை. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானத்தில் அது இருபது முறைக்கு மேல் மூக்கை அழுத்தியது, விமானிகள் ஒவ்வொரு முறையும் தூக்கிப் பிடித்தார்கள், கடைசியில் 189 பேர் ஜாவா கடலில் மாண்டார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 157 பேர். மொத்தம் 346 உயிர்கள்.

இதே எண்ணிக்கை விமான வரலாற்றில் இன்னொரு இடத்திலும் உண்டு. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே துருக்கி விமான நிறுவனத்தின் டிசி-10 விமானம், சரக்குக் கதவு பிடுங்கப்பட்டு விழுந்ததில் இறந்தவர்களும் 346 பேர். 1972-லேயே இன்னொரு டிசி-10 அதே கோளாறால் ஆபத்தில் சிக்கித் தப்பியிருந்தது. கட்டாய உத்தரவு பிறப்பிக்க வேண்டிய எஃப்.ஏ.ஏ.வின் தலைவர், தயாரிப்பாளரோடு வாய்மொழி உடன்பாட்டில் முடித்துக்கொண்டார். விழுந்த விமானத்தின் தொழிற்சாலைப் பதிவேட்டில் கதவைத் திருத்தியாயிற்று என்று ஆய்வாளர்களின் முத்திரை இருந்தது; அந்த வேலையோ செய்யப்படவே இல்லை. அதைத் தயாரித்த மெக்டானல் டக்ளஸ் 1997-இல் போயிங்கோடு இணைந்தது. அந்த இணைப்புதான் போயிங்கைக் கெடுத்தது என்போர் பலர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். செய்யாத வேலைக்கு முத்திரை குத்தியதும், செய்த வேலையைப் பதியாமல் விட்டதும் அரை நூற்றாண்டு இடைவெளியில் நடந்தவை. இரண்டிலும் காகிதத்தை நம்பிய ஒழுங்குமுறை அமைப்பு விமானத்தைப் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதற்கெல்லாம் தண்டனை என்று சொல்லத்தக்க எதுவும் நிகழவில்லை. மேக்ஸ் விபத்துகள் தொடர்பான வழக்கில் 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொள்ள போயிங் முன்வந்தது. அந்த உடன்பாட்டை நீதிபதி ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு பண ஏற்பாட்டின்பேரில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிடக் கோரியது. 2025 நவம்பரில் வழக்கு தள்ளுபடியானது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் பேசியும் பலனில்லை.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2020 இறுதியில் வந்த சட்டம், பிரதிநிதிகளின் நியமனத்துக்கு எஃப்.ஏ.ஏ.வின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அவர்கள் வேலையில் தலையிடுவோருக்கு அபராதமும் விதித்தது. ஆயினும் அந்தச் சட்டத்தின்படி அமைந்த வல்லுநர் குழு 2024 பிப்ரவரியில் தந்த அறிக்கை, இந்தப் பிரதிநிதிகளைப் பழிவாங்க இன்னமும் வழியிருக்கிறது என்கிறது. குறிப்பாகச் சம்பள நிர்ணயத்திலும், ஆட்குறைப்பு வரும்போது யார் முதலில் போவது என்ற வரிசையிலும். இந்த நிலையில், தன் கையில் எடுத்துக்கொண்டிருந்த மேக்ஸ், 787 விமானங்களின் பறப்புத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரத்தை 2025 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. ஓரளவு போயிங்குக்குத் திருப்பித் தந்திருக்கிறது. ஒரு வாரம் எஃப்.ஏ.ஏ., மறுவாரம் போயிங். நான் கேட்பது இரண்டே விஷயங்கள். பிரதிநிதிகளின் சம்பளமும் ஆட்குறைப்பு வரிசையும் போயிங் மேலாளர்களின் கையிலிருந்து எடுக்கப்படும்வரை அந்த மறுவாரத்தையும் எஃப்.ஏ.ஏ. விட்டுக்கொடுக்கக் கூடாது. 2016-இல் போயிங் தனக்குள் எடுத்த அந்த ஆய்வை இனி ஆண்டுதோறும் எஃப்.ஏ.ஏ.வே நடத்தி, அஞ்சுகிறோம் என்று சொல்பவர்கள் எத்தனை விழுக்காடு என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும்.