டால்பின்களை விட்டுவிட்டீர்களே

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு அரை நாள் போதும், யூனியன் தெருவையும் கருங்கல் கட்டடங்களையும் பார்த்தால் முடிந்தது என்கிறது உங்கள் பயணக் கட்டுரை. ஒப்புக்கொள்ள முடியவில்லை. டீ ஆற்றின் தென்கரையில் டோரி பேட்டரி என்ற பழைய பீரங்கிக் கோட்டை இருக்கிறது. அங்கே நின்றாலே துறைமுக வாயிலில் டால்பின்கள் துள்ளுவதைப் பார்க்கலாம்; படகும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். சால்மன் மீனைத் தேடி வருகின்றன, கப்பல்களைக் கண்டுகொள்வதே இல்லை. காற்றுதான் ஆளைத் தள்ளும், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். எதிர்க்கரையில் ஃபிட்டி, 19ஆம் நூற்றாண்டு மீனவர் குடியிருப்பு; வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். (இன்னும் ஆட்கள் வசிக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.) மழை பிடித்துக்கொண்டால் கடல்சார் அருங்காட்சியகம், இலவசம்தான். அப்புறம், டனோட்டர் கோட்டைக்கு ஸ்டோன்ஹேவன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கடலோரப் பாதையில் நடந்தே போங்கள்.