பார்சல் திரும்பி வந்தால் யார் பணம் கட்டுவது?

வெளிநாட்டுக்குப் பார்சல் போடப் போனால் எடை பார்க்கிறார்கள், அடையாள அட்டை கேட்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அங்கே கொடுக்க முடியாமல் போனால் என்ன செய்யட்டும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது அனுப்புகிறவர் அல்லவா?

சர்வதேச அஞ்சல் பார்சலுக்கான சிபி 72 படிவத்திலேயே அதற்குக் கட்டங்கள் இருக்கின்றன. உடனே திருப்பி அனுப்பலாம், சில நாள் வைத்திருந்து அனுப்பலாம், வேறு முகவரிக்கு மாற்றலாம், இல்லையென்றால் கைவிட்டதாகக் கொள்ளலாம். திரும்பி வரும் செலவு அனுப்பியவர் தலையில்தான். முறுக்கும் பருப்புப்பொடியும் மட்டும் என்றால் அந்தச் செலவு வீண், கைவிடுவதே மேல். பட்டுப்புடவையோ சான்றிதழோ இருந்தால் கட்டாயம் திரும்ப வர வேண்டும். கவுன்டரில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும்!

எங்கள் சித்தி டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு ஒரு கூரியர் ஏஜென்ட் மூலம் புடவை அனுப்பினார். கனடாவில் பரிசுப் பொருளுக்கு 60 கனடா டாலர் வரைதான் வரிவிலக்கு. வரி கட்டச் சொல்லி வந்த குறுஞ்செய்தியை மோசடி என்று நினைத்து அவள் அழித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதிரிப் போலிச் செய்திகள் அவ்வளவு வருகின்றன. அப்புறம் ஏஜென்ட் திரும்பக் கொண்டுவரும் கட்டணம், கிடங்கு வாடகை என்று சொன்ன தொகை, அனுப்பிய செலவைவிட அதிகம். சித்தி அழுதே விட்டார். பணம் வாங்கும்போது இதில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல முடியாத விஷயமும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரை மதிப்புள்ள பொருள்களுக்கான சுங்க விலக்கை நீக்கியபோது இந்திய அஞ்சல் துறை அங்கே போகும் பார்சல்களை நிறுத்தியது. ஏற்கெனவே பதிவு செய்து அனுப்ப முடியாமல் போனவற்றுக்குக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அந்தத் தெளிவு ஒவ்வொரு கவுன்டரிலும், ஒவ்வொரு நாளும் வேண்டும். தனியார் கூரியர்களும் திரும்பி வரும் கட்டணத்தை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும்.

அதுவரை நாமே கேட்போம். ஏஜென்ட் மூலம் அனுப்பினால் ஏர்வே பில்லில், அதாவது பார்சலோடு போகும் கூரியர் சீட்டில், அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அங்கே ஏஜென்ட் பெயர் இருந்தால், பார்சல் திரும்புவது அவர் கடைக்குத்தான்.